கூடலேகை: வண்டிக் கணினியைத் திருத்துவோர் வரலாறு

புள்ளலூர் என்னும் பெயரைக் கேட்டதும் வரலாற்றில் நாட்டமுடையோர்க்குப் போர்களே நினைவுக்கு வரும். 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மர் தம் பகைவரை இங்கு வென்றதைக் காசக்குடிச் செப்பேடுகள் குறிக்கின்றன. 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகள் இதே ஊரருகே கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையைச் சிதைத்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தமை அந்நாளின் திருப்புமுனையாகச் சொல்லப்படுகிறது. தாமே ஏற்றிவந்த சரக்கு தம்மையே அழித்தது.

இப்போர்களைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். நாம் இங்கு எழுதப்போவது அதே மாவட்டத்தின் அண்மைக்கால வரலாறு ஒன்றை. புள்ளலூர் அமைந்துள்ள காஞ்சிபுரம் மாவட்டம் கடந்த கால் நூற்றாண்டில் இந்தியாவின் பெருங்கார்த் தொழிற்களங்களுள் ஒன்றாகிவிட்டது. இங்குச் செய்யப்படும் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு கணினி, பெரும்பாலும் பல கணினிகள், இருக்கின்றன. அவற்றில் எழுதப்பட்டிருப்பதை வெளியார் மென்பொருள் கொண்டு படிக்கவும் திருத்தவும் இயலும். படிக்கும் உரிமை யாருக்கு, திருத்தும் பொறுப்பு யாருக்கு என்பதே நம் கேள்வி. விந்தை என்னவெனில், இக்கேள்விக்கான பழைய விடை ஒன்று இதே மாவட்டத்தில், உத்திரமேரூர்க் கோயிற் சுவரில், 10ஆம் நூற்றாண்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அதனை இறுதியில் காண்போம்.

கணினி வண்டிக்குள் புகுந்த கதை

கார்புரேட்டர் இருந்த காலத்தில் என்ஜினுக்குள் செல்லும் எரிபொருளின் அளவை ஒரு துளையும் ஒரு திருகும் முடிவு செய்தன. மெக்கானிக் திருகைச் சற்றே திருப்பினால் வண்டியின் குணம் மாறும். மாற்றம் கண்ணுக்குத் தெரியும். தவறாயின் மீண்டும் திருப்பி வைக்கலாம்.

1967ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் 1600 வகைக் காரில் போஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் செலுத்தும் முறையைப் பொருத்தியது. 1979இல் அதே போஷ், எரிபொருளையும் தீப்பொறியையும் ஒருங்கே ஆளும் மோட்ரானிக் கருவியை பி.எம்.டபிள்யூ. காருக்கு அளித்தது. 1986இல் வண்டியினுள் இருக்கும் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ள 'கேன்' என்னும் பொதுத் தொடர்பு முறையையும் அந்நிறுவனமே அறிமுகப்படுத்தியது. அம்முறை வகுக்கப்பட்டபோது வண்டிக்குள் பகைவன் நுழைவான் என்று எவரும் எண்ணவில்லை. கம்பியில் வரும் செய்தியை அனுப்பியவர் யார் என்று கேட்கும் வழக்கம் அதில் இல்லை. இக்குறை பின்னாளில் பெருவினையாயிற்று.

புகைக் கட்டுப்பாடே வண்டிக் கணினியை வெளியுலகுக்குத் திறந்துவிட்டது. புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்பு பழுதானால் வண்டியே அதனைக் கண்டுபிடித்து ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 1988ஆம் ஆண்டு வண்டிகள் முதல் விதித்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திலும் ஒரே வடிவான 16 முனைச் செருகி கட்டாயமாயிற்று. இதுவே இன்று நம் மெக்கானிக்குகள் 'ஓபிடி போர்ட்' என்று வழங்குவது. இந்தியாவில் பாரத் 4 விதிகளை ஒட்டி இம்முறையின் முதற்படி 2010 ஏப்ரலிலும் இரண்டாம் படி 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சட்டம் பொதுவாக்கியது படிப்பதை மட்டுமே. அதிலும் புகை தொடர்பான பழுதுகளைப் படிப்பதை. எழுதுவதற்கான வழியையும், பிற கணினிகளுக்கான திறவுகோல்களையும் நிறுவனங்கள் தம்மிடமே வைத்துக்கொண்டன. ஒரே செருகியில் பொது வாயிலும் பூட்டிய வாயிலும் அடுத்தடுத்து அமைந்தன.

காஞ்சிபுரத்து வண்டிகள்

நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1996இல் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வெளிவந்தது. கார்புரேட்டர் வண்டிகள் மலிந்திருந்த நாளில், கணினி ஆளும் எரிபொருள் செலுத்தியுடன் வந்த சிறிய கார் அது. 2002இல் அதே ஆலையிலிருந்து ஆக்சென்ட் சி.ஆர்.டி.ஐ. டீசல் கார் வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் இயங்கத் தொடங்கின. 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் 6 விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், இருசக்கர வண்டிகளும் கணினியின் ஆட்சிக்குள் வந்துவிட்டன.

பழுது பார்ப்போர் நிலை என்ன? கையில் சாவியும் காதில் கேள்வித்திறனும் கொண்டு தொழில் செய்தவர்கள் திடீரென்று ஓர் ஊமை வண்டியின் முன் நின்றனர். 'செக் லைட்' எரிகிறது, காரணம் தெரியவில்லை. அதைச் சொல்லும் ஸ்கேனரும் கையேடும் நிறுவனத்தின் சொந்தப் பணிமனையில் மட்டுமே இருந்தன.

இக்குறை வழக்காக வெடித்தது. 2011இல் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் அளித்த புகார், பின்னர்ப் பல நிறுவனங்கள் மீதான விசாரணையாக விரிந்தது. உதிரி உறுப்புகளையும் பழுதறியும் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிப் பணிமனைகளுக்குத் தர மறுப்பது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பளித்தது. 14 நிறுவனங்களுக்கு விதிக்கப்பட்ட தண்டம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய். நம் வட்டாரத்தில் ஆலை வைத்திருந்த ஃபோர்டும் நிசானும் அவற்றுள் அடங்கும். ஆணையத்தின் அதிகாரத்தை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் சென்ற ஹூண்டாய்க்கு 2015 சூலையில் தனியே சுமார் 420 கோடி ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகியவற்றின் தண்டத் தொகையைக் குறைத்தது. ஆயினும் குற்றம் குற்றமே என்று உறுதி செய்தது.

ஆகவே, வெளியார் மென்பொருளை நாடுவோர் எல்லாரும் குறும்பர் அல்லர். தம் வண்டியில் எழுதியிருப்பதைத் தாம் படிக்க விரும்பியவர்களும், வந்த வேலையைச் செய்து கொடுக்க விரும்பிய தொழிலாளரும் அவர்களுள் பெரும்பாலோர். நிறுவனங்கள் கதவை அடைத்ததால் சன்னல் வழியே நுழைந்தனர். இதனை மறந்து ஆபத்தை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

பிரதி எடுத்தவன் பிழை

சன்னல் வழியே வந்த கருவியின் கதை சுவடி வரலாறு படித்தோர்க்கு மிகவும் பழகியது. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்னும் சிறு நிறுவனம் ஈ.எல்.எம். 327 என்னும் சில்லை உருவாக்கியது. வண்டியின் பேச்சைக் கணினியும் கைப்பேசியும் புரிந்துகொள்ளும்படி பெயர்த்துச் சொல்வதே அதன் பணி. முதற்பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் காப்பு இல்லை. போலிகள் பெருகின. சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த போலிக் கருவிகள் தம்மைப் பிற்காலப் பதிப்பு என்று அறிவித்துக்கொண்டன. அப்பதிப்புக்குரிய கட்டளைகள் பலவற்றை அவை அறியா. 2022இல் மூல நிறுவனம் தன் தொழிலை முடித்துக்கொண்டது. போலிகள் இன்றும் விற்கின்றன.

ஏடெழுதுவோர் மூல ஏட்டை நோக்கிப் பிரதி செய்கையில் ஓர் எழுத்து பிறழும், அடுத்தவர் அப்பிரதியைப் பார்த்து எழுதுவார், பிழை பரம்பரையாகும். படிப்பதற்கு மட்டும் இத்தகைய போலிக் கருவியைப் பயன்படுத்தினால் கேடு சிறிது. தவறான செய்தி காட்டும், அல்லது இணைப்பு அறும். ஆனால் அதே கருவி கொண்டு கணினியில் எழுதத் துணிந்தால் நிலைமை வேறு.

எழுதும்போது நேர்வன

எழுதுதலின் ஆபத்துகளை வகைப்படுத்திக் காண்போம்.

முதலாவது, இடையில் அறுதல். கணினியின் நினைவகத்தில் புதிய நிரலை ஏற்றுமுன் பழையது அழிக்கப்படுகிறது. அழித்தபின், எழுதி முடிக்குமுன், பேட்டரியின் மின்னழுத்தம் தாழ்ந்தாலோ கம்பி நழுவினாலோ மடிக்கணினி உறங்கினாலோ, கணினியில் பழையதும் இராது, புதியதும் இராது. வண்டி கிளம்பாது. ஆதலால்தான் முறையான பணிமனைகளில் இப்பணியின்போது சீரான மின்சாரம் தரும் தனிக் கருவியை இணைத்து வைக்கின்றனர்.

இரண்டாவது, பொருந்தா நிரல். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு கார்களில் கணினியின் வன்பொருள் எண் வேறாகலாம். ஒன்றன் நிரலை மற்றொன்றில் ஏற்றினால் சென்சார்களின் பேச்சு தவறாகப் பொருள்கொள்ளப்படும். நிரல் சிதையாமல் வந்ததா என்று அறிய ஒரு கூட்டுத்தொகைச் சோதனை உண்டு. திருத்துவோரின் மென்பொருள் அத்தொகையையும் தானே திருத்திவிடும். எழுத்தெண்ணிக்கை சரியாக இருக்கும். பொருள் சரியா என்று அச்சோதனை சொல்லாது.

மூன்றாவது, வரம்புகளை நீக்குதல். இதுவே 'ரீமேப்' என்னும் பெயரால் மிகுதியும் விற்கப்படுவது. டீசல் என்ஜினில் எவ்வளவு எரிபொருள், எவ்வளவு அழுத்தம், டர்போ எவ்வளவு காற்றை உந்தவேண்டும் என்பனவற்றைக் கணினியிலுள்ள அட்டவணைகள் தீர்மானிக்கின்றன. வெப்பமிகு நாள், தரம் குறைந்த எரிபொருள், தேய்ந்த உறுப்பு, மேட்டில் முழுச்சுமை ஆகிய அனைத்தையும் எண்ணி வைத்த இடைவெளி அவ்வட்டவணைகளில் உண்டு. அந்த இடைவெளியே திருத்துவோர் விற்கும் கூடுதல் வலு. புகைவழியில் வெப்பம் ஏறும். டர்போ அளவுக்கு மேல் சுழலும். கிளட்சும் கியர்ப்பெட்டியும் தாம் சுமக்க வடிக்கப்படாத சுமையைச் சுமக்கும். கேடு அன்றே தெரியாது. பல்லாயிரம் கிலோமீட்டர் கழித்துத் தெரியும். கணினியைத் திறக்காமலேயே இதைச் செய்யும் பெட்டிகளும் உண்டு. எரிபொருள் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவு என்று கணினியிடம் பொய்ச்சாட்சி சொல்வதே அவற்றின் தொழில். பொய்யை நம்பிய கணினி அழுத்தத்தைக் கூட்டும்.

நான்காவது, வாயடைத்தல். புகைக் கட்டுப்பாட்டு உறுப்பு அடைபட்டுச் செக் லைட் எரியும். புதிய உறுப்புக்குப் பெருந்தொகை ஆகும். உறுப்பை அகற்றிவிட்டு, அதைப் பற்றிய பழுதுக் குறியீட்டைக் கணினியிலிருந்து நீக்கினால் விளக்கு அணையும். அதனோடு எச்சரிக்கும் நாவும் அறுபடுகிறது. நாளை அப்பகுதியில் மெய்யான பழுது வந்தாலும் வண்டி வாய் திறவாது.

ஐந்தாவது, உயிர்காக்கும் கணினிகளைத் தீண்டுதல். விபத்துக்குள்ளான வண்டியின் ஏர்பேக் கணினியில் மோதலின் பதிவு தங்கும். அப்பதிவை மென்பொருளால் துடைத்து அதையே மீண்டும் பொருத்துவோர் உண்டு. டேஷ்போர்டில் விளக்கு அணைந்திருக்கும். அடுத்த மோதலில் பை விரியுமா என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுவதும் இவ்வகையதே. ஓடோமீட்டர் திருத்தலைக் குற்றமாக்கி அமெரிக்கா 1972லேயே சட்டம் இயற்றியது என்பதிலிருந்து இம்மோசடியின் பழமை விளங்கும்.

ஆறாவது, அயலார் நுழைவு. 2010இல் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ கிளையும் சேர்ந்து நடத்திய ஆய்வில், பழுதறியும் செருகி வழியே புகுந்து ஓடும் காரின் பிரேக்கைச் செயலிழக்கச் செய்து காட்டினர். 2015இல் சான்டியாகோ ஆய்வாளர்கள் மேலும் ஒரு படி சென்றனர். அச்செருகியில் மாட்டப்பட்ட வெளியார் கருவி ஒன்றுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே ஒரு கார்வெட் காரின் பிரேக்கை ஆட்டிவைத்தனர். அனுப்பியவர் யார் என்று கேட்காத அந்தப் பழைய கம்பியின் குறை இவ்வாறு வெளிப்பட்டது.

காப்பவரே கள்வரானபோது

வெளியார் மென்பொருளே கேடு, நிறுவனத்தின் நிரலே வேதம் என்று முடிவுகட்ட இயலாதவாறு ஒரு நிகழ்ச்சி நடந்தது. 2013இல் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் சிறு குழு ஒன்று டீசல் கார்களின் புகையை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, சாலையில் ஓட்டி அளந்தது. இந்தியாவிலிருந்து சென்ற அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா காரில் நைட்ரஜன் ஆக்சைடுகள் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு வரை வெளிவரக் கண்டனர். சோதனைக்கூடத்தில் நிற்கிறோம் என்று அறிந்தால் நல்லொழுக்கம் காட்டவும், சாலையில் அதனைக் கைவிடவும் அவ்வண்டியின் கணினிக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு இக்குற்றத்தை வெளிப்படையாக அறிவித்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள் இவ்வாறு இருந்தன. இந்தியாவில் அந்நிறுவனம் 2015 டிசம்பரில் சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் தண்டம் விதித்தது; அவ்வாண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் கட்டாய நடவடிக்கைகளைத் தடுத்து வைத்தது.

நிறுவனம் செய்ததைத் தனியாரும் செய்கின்றனர். புகைக் கட்டுப்பாடு அகற்றப்பட்ட டீசல் பிக்கப் வண்டிகள் பத்தாண்டுகளில் அமெரிக்காவில் 5 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் என்று அதே சுற்றுச்சூழல் அமைப்பு 2020இல் மதிப்பிட்டது. நம் நாட்டில் வழக்கமான புகைச் சான்றிதழ்ச் சோதனை டீசல் வண்டியின் கரும்புகையை மட்டும் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. ஆகவே திருத்தப்பட்ட வண்டியும் சான்றிதழ் பெற்றுவிடக்கூடும். அதன் விலையைச் செலுத்துவது திருத்தியவரின் பணப்பை அன்று. பின்னால் இருசக்கர வண்டியில் வருபவரின் நுரையீரல்.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து பதிவுச்சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் தண்டமோ இரண்டுமோ உண்டு. புகை அளவை மீறினால் முதற்குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. ஆயினும் கார்புரேட்டர்த் திருகைப் போலக் கணினியின் எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. சாலையில் நிற்கும் காவலர் அதனை எவ்வாறு காண்பார்?

உத்திரமேரூர் சொல்வது

முதலிற் சொன்ன விடைக்கு வருவோம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழரின் இரு கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையை விளக்கும் இவற்றை அறியாத வரலாற்று ஆர்வலர் இலர். ஆனால் இரண்டு இருப்பதேன் என்று நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. 919இல் வகுத்த விதிகளை 921இல் சபையார் திருத்தினர். உறுப்பினராவோரின் வயது முதற்கல்வெட்டில் 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. தகுதியின்மைகளும் விரிவாயின.

திருத்திய விதத்தைப் பாருங்கள். அரச அலுவலர் உடனிருக்க, சபை கூடித் திருத்திற்று. பழையதை அழிக்காமல், புதியதைத் தனியே கல்லில் வெட்டினர். ஓலை எடுக்கும் முறையிலும் அதே எச்சரிக்கை: குடத்தை அனைவரும் காண உயர்த்துவர், ஏதுமறியாச் சிறுவன் ஓலையை எடுப்பான், நடுவன் ஐவிரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று உரக்கப் படிப்பான், உடனிருப்போரும் படிப்பர். படித்தல் எல்லார்க்கும் பொது. எழுதுதல் சாட்சிகளுக்கு உட்பட்டது. கூடலேகை செய்தோர், அதாவது பொய்யாவணம் எழுதினோர், சபைக்குத் தகுதியற்றோர் என விலக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவரும் அவ்வாறே.

பிற்காலத்தில் தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததிலும் இந்நெறியையே காண்கிறோம். பல ஏடுகளை ஒப்புநோக்கினார்; பாடபேதங்களைக் குறித்தார்; தாம் கொண்ட பாடம் எது, விட்டது எது என்பதைப் படிப்போர் அறிய வைத்தார். ஏட்டில் கைவைத்தவர் தம் பெயரையும் அதனோடு வைத்தார்.

வண்டிக் கணினிக்கும் இந்த அளவுகோல் பொருந்தும் என்பதே நம் துணிபு. பழுதைப் படிக்கும் உரிமை உரிமையாளருக்கும் ஊர் மெக்கானிக்குக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பின் உயிர்நாடி அதுவே. எழுத நேர்ந்தால், மூல நிரலின் பிரதி முதலில் எடுத்து வைக்கப்பட வேண்டும். எந்த நாளில், எந்தக் கருவியால், யார், எதை மாற்றினார் என்பது தாளில் எழுதப்பட்டு வண்டியின் ஆவணங்களோடு இருக்க வேண்டும். பின்னாளில் அவ்வண்டியை வாங்குபவர் அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஏர்பேக், பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றின் கணினிகளை முறையான கருவியும் பயிற்சியும் இல்லாதார் தொடவே கூடாது. இவ்வளவையும் எழுதிக் கையெழுத்திட ஒருவர் தயங்குவாராயின், அவர் செய்யவிருப்பது பழுதுபார்த்தல் ஆகாது, கூடலேகை.

ஒரகடத்து ஆலையிலிருந்து புறப்படும் லாரி இந்நாட்டின் எந்தச் சாலைக்கும் செல்லும்; பல கை மாறும். அதன் கணினியில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஓட்டுபவரைக் காட்டிலும் எதிரே வருபவருக்கே மிகத் தேவையான செய்தி. அவருக்கோ அதைப் படிக்க வாய்ப்பில்லை. அவர் சார்பில் எழுத்தைக் காக்கவேண்டியவர்கள் வண்டியைச் செய்தவரும், வைத்திருப்பவரும், பழுது பார்ப்பவருமே.